ஏழைக்கும் எட்டட்டும் இந்தத் தோல்

தீப்பட்டவரைக் கொல்வது நெருப்பு மட்டுமன்று. தோல் போன இடத்தில் உடலின் நீர் வடிகிறது, கிருமிகள் புகுகின்றன. ஒட்டிக்கொள்ளச் சொந்தத் தோலும் போதாதென்றால் என்ன கதி?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானி யானஸும், சர்ஜன் பர்க்கும் இதற்கொரு வழி கண்டு 1981-ல் வெளியிட்டார்கள். மாட்டின் உடலிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற நார்ப்புரதத்தையும், சுறாமீனின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் சேர்த்துக் கடற்பஞ்சு போன்ற ஏடு செய்தார்கள். அதன்மேல் சிலிக்கோன் போர்வை. காயத்தில் வைத்ததும் உடலின் உயிரணுக்கள் பஞ்சினுள் குடியேறி உட்தோலை வளர்க்கின்றன. பஞ்சு தானே கரைந்துவிடுகிறது. பிறகு போர்வையை எடுத்துவிட்டு, மிக மெல்லிய தோலை ஒட்டினால் போதும். 1996-ல் அமெரிக்க சர்க்கார் இதை அங்கீகரித்தது.

அற்புதந்தான், ஆனால் விலை ஏழைக்கு எட்டாது. இந்தியாவிலோ ஆண்டுதோறும் 10 லட்சம் பேருக்கு மேல் தீக்காயத்தால் அவதியுறுவதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அடுப்படியில் சேலை பற்றிக்கொண்ட ஏழைப் பெண்கள் அவர்களில் எத்தனை பேர்!

கொலாஜன் நிறைந்த மாட்டுத் தோலுக்கு இங்கே பஞ்சமில்லை. சென்னை அடையாற்றில் 1948-ல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், காயத்தை மூடும் கொலாஜன் ஏடுகளை ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறது. செருப்புக்கும் பைக்கும் காட்டும் ஊக்கத்தைச் சர்க்கார் இதிலும் காட்ட வேண்டும். இரண்டடுக்குத் தோலையும் மலிவாக இங்கேயே செய்து, எந்த ஜில்லா ஆஸ்பத்திரியிலும் பணம் கேட்காமல் கொடுக்க வேண்டும்.