ஃபாரத்தை நீங்களே ஃபில் பண்ணுங்க பாஸ்!

பாஸ்போர்ட் ரெடி. டிக்கெட் போட்டாச்சு. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட ட்ராலி பேக் கடன் வாங்கியாச்சு. வாட்ஸ்அப் குரூப்புக்கு 'சிங்கப்பூர் சிங்கங்கள்'னு பேர்கூட வெச்சாச்சு. சூப்பர்! ஆனா, அந்தக் குரூப்ல யாராவது ஒருத்தர், "அரைவல் கார்டு போட்டாச்சா மச்சி?"னு கேட்டாங்களா?

மாமா, சித்தப்பா காலத்துல ப்ளைட் தரையிறங்குறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி ஏர்ஹோஸ்டஸ் ஒரு சீட்டு கொடுப்பாங்க. உடனே ப்ளைட் முழுக்க "சார், பேனா இருக்கா?" கச்சேரிதான். அந்தச் சீட்டு இப்போ நெட்டுக்குக் குடி போயிடுச்சு. சிங்கப்பூர் 2020-லேயே மாறிடுச்சு. மலேசியா 2024 ஜனவரி 1-ல இருந்து, தாய்லாந்து 2025 மே 1-ல இருந்து. எஸ்.ஜி. அரைவல் கார்டு, எம்.டி.ஏ.சி., டி.டி.ஏ.சி.னு ஆளுக்கொரு பேர். நம்ம பசங்க முதல் வெளிநாட்டு ட்ரிப்புக்குக் கிளம்புறது பெரும்பாலும் இந்த மூணு ஊருக்குத்தான்.

முதல் விஷயம்... மூணுமே இலவசம். பைசா கிடையாது! ஆனா, கூகுள்ல தேடிப் பாருங்க. கொடி, முத்திரை எல்லாம் போட்டு, அரசாங்க ஆபீஸ் மாதிரியே நாலைஞ்சு சைட் விளம்பரமா வந்து நிக்கும். ஃபாரம் நிரப்பி முடிச்சதும் 'சர்வீஸ் சார்ஜ்'னு டாலர்ல ஒரு தொகை கேட்கும். சிங்கப்பூர் குடியேற்றத் துறையே இந்த மாதிரி சைட்களைப் பத்தி எச்சரிச்சிருக்கு. காசு போனா போகட்டும்னு விட்டாலும், உங்க பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, கார்டு நம்பர் எல்லாம் முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட போய் உட்கார்ந்துடும். அதான் பெரிய வில்லங்கம். ஸோ, அட்ரஸோட வாலைப் பாருங்க. சிங்கப்பூர்னா 'ஜி.ஓ.வி. டாட் எஸ்.ஜி.', மலேசியான்னா 'ஜி.ஓ.வி. டாட் எம்.ஒய்.', தாய்லாந்துன்னா 'ஜி.ஓ. டாட் டி.ஹெச்.' வேற வால் முளைச்சிருந்தா எஸ்கேப் ஆகிடுங்க.

இன்னொண்ணு, இது விசா இல்லை. சிங்கப்பூருக்கு இந்திய பாஸ்போர்ட்ல போறவங்களுக்கு விசா தனியா வேணும். கார்டு போட்டுட்டு, விசா எடுத்துட்டோம்னு தெம்பா ஏர்போர்ட் போனா, செக்-இன் கவுன்ட்டர்லேயே 'டாட்டா' காட்டிடுவாங்க.

எப்போ போடணும்? போய்ச் சேர்றதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள. சிங்கப்பூர் கணக்குல இறங்குற நாளும் அந்த 3-ல சேர்த்தி. 11-ம் தேதி இறங்குறீங்கன்னா 9, 10, 11. இதுல ஒரு பொடி. சென்னையிலோ திருச்சியிலோ ராத்திரி 11 மணிக்கு ப்ளைட் ஏறினா, இறங்குறது மறுநாள் காலையில. சிங்கப்பூர், மலேசியா கடிகாரம் நம்மளைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும். டிக்கெட்ல இருக்கிற கிளம்புற தேதியை ஃபாரத்துல போட்டுடாதீங்க. அது கேட்கிறது இறங்குற தேதி, அந்த ஊர் தேதி.

அடுத்தது, நம்ம ஊர் ஸ்பெஷல் தலைவலி. பேர்! காலேஜ்ல நீங்க 'ஆர். கார்த்திக்'. பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிஞ்சு 'சர்நேம்' இடத்துல உட்கார்ந்திருக்கும். சிலருக்கு சர்நேமே காலியா இருந்து, ரெண்டு பேரும் 'கிவன் நேம்'ல ஒண்ணா இருக்கும். ஐ.டி. கார்டு, ஆதார் எல்லாத்தையும் மூடி வெச்சுட்டு பாஸ்போர்ட்டை மட்டும் பாருங்க. அதுல எது எங்கே இருக்கோ அப்படியே. போட்டோ பக்கத்தோட அடியில அம்புக்குறி மாதிரி குறிகளோட ரெண்டு வரி இருக்கும். ஏர்போர்ட் மெஷின் படிக்கிறது அதைத்தான். நம்பர்ல 'ஓ'வா, பூஜ்யமான்னு குழப்பமா? நம்ம பாஸ்போர்ட் நம்பர்ல முதல்ல ஒரே ஒரு எழுத்து, அதுக்கப்புறம் 7 இலக்கம். அவ்வளவுதான்.

குரூப்பா போறப்போ வழக்கமா ஒரு பொறுப்புப் பருப்பு, "எல்லாரும் பாஸ்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கடா, நான் பார்த்துக்கறேன்"னு கிளம்பும். நல்ல மனசுதான். ஆனா, எல்லாருக்கும் தன்னோட மெயில் ஐ.டி.யையே போட்டுடும். சிங்கப்பூர்ல இப்போ பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறது இல்லை. நீங்க எத்தனை நாள் தங்கலாம்கிற இ-பாஸ், கார்டுல கொடுத்த மெயிலுக்குத்தான் வரும். விசா 2 வருஷத்துக்கு இருக்கலாம். அதுக்காக 2 வருஷம் தங்கலாம்னு அர்த்தம் இல்லை. தங்கும் நாளை முடிவு பண்றது இமிக்ரேஷன். அந்தத் தேதியைத் தாண்டினா அபராதம், ஜெயில். 90 நாளுக்கு மேல போனா சட்டத்துல பிரம்படிக்கே இடம் இருக்கு. இப்படிப்பட்ட மெயில் அடுத்தவன் இன்பாக்ஸ்லயா கிடக்கணும்?

கவுன்ட்டர்ல ஆபீசர் கேட்கப்போறதும் ஃபாரத்துல இருக்கிறதைத்தான். எங்கே தங்குறீங்க, எத்தனை நாள், எப்போ திரும்புறீங்க? ஏஜென்ட் வாய்க்கு வந்த ஹோட்டல் பேரைப் போட்டிருப்பார். நீங்க "அத்தை வீட்டுல சார்"னு அப்பாவியா சொல்வீங்க. முடிஞ்சுது கதை! மலேசியாவுல இதுக்கு 'என்.டி.எல்.'னே ஒரு பேர் இருக்கு. அதாவது 'நாட் டு லேண்ட்'. வந்த வழியே திருப்பி அனுப்பிடுவாங்க. அத்தை வீடுன்னா அத்தை வீட்டு அட்ரஸையே போடுங்க, ஒண்ணும் தப்பில்லை. ரிட்டர்ன் டிக்கெட், தங்குற இடத்தோட விவரம் ரெண்டையும் பிரின்ட் எடுத்துக்கங்க. இறங்கினதும் வைஃபை தேடிட்டு நிக்க வேணாம். பாஸ்போர்ட்ல 6 மாசமாவது உயிர் இருக்கான்னும் பார்த்துடுங்க.

சிங்கப்பூர்ல இருந்து பஸ் பிடிச்சு ஜோகூர் பாருவுல பரோட்டா சாப்பிட்டுட்டு வரலாம்னு ப்ளானா? போகும்போது மலேசியாவுக்கு ஒரு கார்டு. சாயங்காலம் திரும்பும்போது சிங்கப்பூருக்குப் புதுசா இன்னொரு கார்டு. பழசு ஒரு தடவை உள்ளே நுழைஞ்சதோட சரி. விசாவும் பல தடவை நுழைய விடுற 'மல்டிபிள் என்ட்ரி'யா இருக்கணும்.

நம்ம ஊருக்குத் திரும்பும்போது? இந்திய பாஸ்போர்ட்காரங்களுக்கு அப்படி ஒரு கார்டே கிடையாது. 2025 அக்டோபர் 1-ல இருந்து இந்தியாவும் இ-அரைவல் கார்டு கொண்டு வந்திருக்கு, ஆனா அது வெளிநாட்டுக்காரங்களுக்கு. பொங்கலுக்கு உங்ககூடவே கிளம்பி வர்ற அத்தை பையன் மலேசியா பாஸ்போர்ட்னா, அவன் காதுல மட்டும் விஷயத்தைப் போட்டு வைங்க!