முற்போக்கு ராக்கும் பறையின் கூலியும்

புரோகிரசிவ் ராக் என்பதைத் தமிழில் நேராக எழுதினால் முற்போக்கு ராக். யாரைப் பின்னால் விட்டுவிட்டு இந்த முன்னேற்றம் என்பதுதான் என் கேள்வி.

ராக் கறுப்பின மக்களின் ப்ளூஸிலிருந்து வந்தது. பிக் மாமா தார்ன்டன் 1952இல் பாடிப் பதிவுசெய்த 'ஹவுண்ட் டாக்', 1956இல் எல்விஸ் பிரெஸ்லியின் குரலில் உலகமெங்கும் விற்றது. 1960களின் கடைசியில் இங்கிலாந்து இளைஞர்கள் அதே ராக்கை நீண்ட பாடல்களாக, சிக்கலான தாளங்களாக மாற்றினார்கள். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 1969இல் வந்தது. ஜெனிசிஸ் குழு உருவானது சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்காரப் பள்ளியில். எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழு 1971இல் ருஷ்யச் செவ்வியல் இசையமைப்பாளர் முசோர்ஸ்கியின் படைப்பையே ராக்காக வாசித்து ஆல்பம் போட்டது. இவர்களை நான் விரும்பிக் கேட்பவன்தான். ஆனால் ராக்குக்கு மரியாதை தேட வேண்டியபோது அவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள்: ஐரோப்பியச் செவ்வியல் இசையிடம். ப்ளூஸ் பாடிய கறுப்புக் கைகள் அந்த மரியாதைக்குப் போதவில்லை.

வணிகம் பின்னாலேயே வந்தது. பணத்தைக் கிண்டல் செய்யும் 'மணி' பாடலை பிங்க் ஃபிளாய்ட் 1973இல் வெளியிட்டது. அந்த ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. 1975இல் இசைக் கம்பெனிகளையே கேலி செய்து ஒரு பாட்டுப் போட்டார்கள். அதையும் இசைக் கம்பெனிதான் விற்றது.

இந்தியாவிலும் கதை அப்படித்தான். பெங்களூரின் 'அகம்' குழு தன் இசையைக் கர்நாடக புரோகிரசிவ் ராக் என்கிறது. தீட்சிதர் கீர்த்தனைக்கு எலெக்ட்ரிக் கிட்டார். வாசிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முன்னேறுவதற்கு இங்கே ராக் கேட்டு வாங்கும் ஏணி எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

2018 ஜனவரி 6 அன்று சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது அந்த ஏணியை யாரும் தேடவில்லை. கானா, பறை, கிட்டார், ராப் எல்லாம் ஒரே மேடையில். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது. இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள். இசையில் முற்போக்கு என்றால் என் கணக்கில் அதுதான்.

நான் ஆய்வு செய்யும் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தில் இதைக் கேட்பதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு. இங்கே ஒரே மாட்டுக்கு மூன்று மதிப்பு. பதனிட்ட தோல் ஷூவாகி வெளிநாடு போனால் அது ஏற்றுமதி, அந்நியச் செலாவணி. அதன் கறி பிரியாணியானால் சங்கடம். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அறிவித்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள். அதே தோலை வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நெருப்பில் காய்ச்சி அடித்தால், அது தீட்டு. பச்சைத் தோலைக் கையால் தொடும் வேலையில் இன்றும் பெரும்பாலும் நம் மக்களே இருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தீட்டுக்கும் சந்தை வந்துவிட்டது. அங்கேதான் சிக்கல்.

அறிவு அரக்கோணத்துக்காரர், அதாவது இன்றைய ராணிப்பேட்டை மாவட்டம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அவர் எழுதிப் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளியாகிப் பல கோடிப் பேரைச் சென்றடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி கேட்ட பிறகே அவருக்கு ஒரு டிஜிட்டல் அட்டை கிடைத்தது. 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. பாடலில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிவு ஒன்று சொன்னார், சந்தோஷ் நாராயணனும் தீயும் வேறு சொன்னார்கள். அந்தச் சண்டையை நாம் மாதக்கணக்கில் பேசித் தீர்த்தோம். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் சொன்னதை அந்த அளவுக்குப் பேசவில்லை. பாடலை வெளியிட்ட மாஜா தளத்திடமிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்றார் அவர். யார் பெயர் முதலில் என்று இங்கே அடித்துக்கொண்டிருந்தோம். பணம் எந்தப் பக்கம் போனது என்று கேட்க மூன்று வருடம் ஆனது.

அவர்கள் பேசினால் செய்தியாவது ஆகும். ஆம்பூர்ப் பக்கம் நான் அடிக்கடி போகும் குடியிருப்பில் ஒரு பறைக் கலைஞர் இருக்கிறார். பகலில் தோல் கம்பெனி வேலை, இரவில் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை. ஒரு இசைக்குழு வந்து அவர் குழுவின் அடிகளைப் பதிவு செய்துகொண்டு போனது. ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், மத்தியானம் பிரியாணி. கையெழுத்து எதிலும் வாங்கவில்லை. பாட்டு வந்ததா என்று கேட்டேன். "வந்திருக்கும் தம்பி, எங்க பேரு போட்டிருந்தா தானே தேடிப் பாக்க முடியும்" என்றார். பறையை விடுதலையின் குரல் என்று மேடையில் அறிமுகப்படுத்துகிற குழுக்களும் இதில் விதிவிலக்கு இல்லை. அதைச் சொல்லாமல் அகத்தை மட்டும் விமர்சிப்பது நேர்மையாகாது.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குரிய சம பங்கை இசை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாடுகிறவர், வாசிக்கிறவர் போன்ற நிகழ்த்துகலைஞருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை உண்டு. ஆனால் அதைக் கேட்க, வாசித்தவர் இவர்தான் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். 'கிராமியக் கலைஞர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் யார் போய்க் கேட்பது?

அதனால் நம் குழுக்களிடமிருந்தே தொடங்கலாம். பதிவு நாளன்று ஒரு பக்கத் தாள், தமிழில். வாசிக்கும் ஒவ்வொருவரின் பெயரும், யார் எந்தப் பறை அடித்தார் என்பதும், அன்றைய கூலி எவ்வளவு, பிறகு வரும் வருமானத்தில் பங்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி அவர்கள் கையில் போக வேண்டும். பறை கட்டிக் கொடுத்தவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்டார் கம்பெனியின் பெயரை மட்டும் எல்லா வீடியோவிலும் தவறாமல் போடுகிறோமே.