சராசரி எடுத்தால் சரியாகிவிடுமா?

"நிறைய அளந்தால் பிழை தானாக அடிபட்டுப் போகும் சார்!" நெபுலாக்களின் நிறமாலையை அளக்கிறவர்கள் வாயில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது எனக்கு. மங்கலான கோடுகளைப் பொறுத்தவரை இது சுத்த அபத்தம்.

எப்படி என்கிறீர்களா? இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன், 4363 ஆங்ஸ்ட்ராமில் ஒரு மங்கலான கோடு தரும். 5007-இல் உள்ள பளிச் கோட்டோடு அதை ஒப்பிட்டுத்தான் வாயுவின் வெப்பநிலையைக் கணக்கிடுகிறோம். தூரத்து கேலக்ஸிகளின் நெபுலாக்களில் இந்த 4363 இரைச்சலில் கிட்டத்தட்ட மூழ்கியே கிடக்கும். இரைச்சல் அதைத் தூக்கிவிட்டால் "ஆஹா, கோடு!" என்று குறித்துக்கொள்கிறோம். அமுக்கிவிட்டால் "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுகிறோம். ஆக, கணக்கில் சேர்வது பெரும்பாலும் கூடுதலான அளவுதான். ரோலாவும் பெலாட்டும் 1994-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள். யார் கேட்டார்கள்?

கோடு கூடினால் வெப்பநிலை கூடும். வெப்பநிலை கூடினால் ஆக்ஸிஜன் அளவு குறைவாக வரும். ஒரே பக்கம் சாயும் தராசில் நூறு முறை நிறுத்தாலும் எடை சரியாகுமா?

பளிச் கோடுகளுக்காவது ஒரு சோதனை உண்டு. 5007, 4959 இரண்டின் விகிதம் ஏறக்குறைய 3 என்பது அணு இயற்பியல் போட்ட விதி. 2.5 வந்தால் கோளாறு நெபுலாவில் இல்லை, நம்மிடம். பாவம், 4363-க்கு அந்தக் காவலும் கிடையாது.

அதனால்தான் சொல்கிறேன்: கோடு சரியாகத் தெரியவில்லையா? "இதற்கு மேல் இருக்காது" என்று உச்சவரம்பை எழுதுங்கள். அதில் என்ன வெட்கம்? இல்லாத கோட்டை இருக்கிறது என்பதுதான் வெட்கம்.