நீலத்தில் ஒரு தங்கப் பட்டை

கல்யாண வீட்டுக்கு இரண்டு பெண்மணிகள் ஒரே மாதிரிப் பட்டுப் புடவை உடுத்திக் கொண்டு வந்துவிட்டால் என்ன ஆகும்? முகத்தைச் சற்றுத் திருப்பிக் கொள்வார்கள். அதோடு விஷயம் தீர்ந்தது. 1385-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டு வீரர்கள் ஒரே மாதிரிக் கேடயம் தாங்கி ஒரே படையில் வந்து நின்றார்கள். அந்தச் சண்டை தீர ஐந்து வருஷம் ஆயிற்று!

மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்துச் சென்ற சமயம் அது. ரிச்சர்ட் ஸ்குரோப் பிரபுவின் கேடயத்தில் நீல நிறத்தின் குறுக்கே சாய்வாக ஒரு தங்கப் பட்டை. செஷயரிலிருந்து வந்திருந்த ஸர் ராபர்ட் குரோவ்னரின் கேடயத்திலும் அதே நீலம், அதே பட்டை!

இதற்குப் போய் இத்தனை ரகளையா என்று கேட்கலாம். அந்தக் காலத்துப் போர்வீரன் தலை முதல் கால் வரை இரும்புக்குள் இருந்தான். 1066-ல் ஹேஸ்டிங்ஸ் போரில் தாம் இறந்துவிட்டதாகப் புரளி கிளம்பியபோது, நார்மண்டி வில்லியம் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்ட வேண்டியிருந்ததாம். பிற்பாடு முகம் முழுவதையும் மூடும் கவசம் வந்தது, கேட்க வேண்டுமா? 12-ஆம் நூற்றாண்டிலிருந்து கேடயத்தில் தீட்டிய சிங்கமும் கழுகும் பட்டையுமே மனிதனுக்கு முகமாயின. தகப்பனுக்குப் பின் மகன் அதையே தாங்கினான். எழுதத் தெரியாத பிரபுகூட அதை முத்திரையில் வெட்டி மெழுகில் பதித்துவிட்டால் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். சின்னத்தைப் பறிகொடுப்பது பெயரையே பறிகொடுப்பது அல்லவா?

வீரர்களின் விவகாரங்களுக்கென்றே இருந்த தனி நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிற்று. நூற்றுக்கணக்கான சாட்சிகள். மன்னரின் சிற்றப்பாவே ஸ்குரோப் கட்சி. 1386-ல் கவி சாஸரும் வந்து சாட்சி சொன்னார். லண்டனில் ஃப்ரைடே தெரு வழியாக ஒரு நாள் போனாராம். ஒரு வாசலில் இந்தச் சின்னம் தொங்கியது. ஸ்குரோப் சின்னத்தை மாட்டியிருக்கும் இந்த விடுதி எது என்று விசாரித்தார். இது ஸ்குரோப் சின்னமே இல்லை, குரோவ்னருடையது என்று பதில் வந்தது. அப்படி ஒருவர் இருப்பதாக அன்றுதான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டாராம்! எதிர்க் கட்சிக்கு இதைவிட என்ன அடி வேண்டும்?

1389-ல் தீர்ப்பு வந்தது. சின்னம் ஸ்குரோபுக்கே, குரோவ்னர் வேண்டுமானால் சுற்றிலும் வெள்ளி விளிம்பு சேர்த்து வைத்துக் கொள்ளலாம். குரோவ்னருக்குத் திருப்தி இல்லை. மன்னரிடமே அப்பீல் செய்தார். விளிம்பு சேர்ப்பது நெருங்கிய ரத்த பந்துக்களுக்கு உரியது, அந்நியருக்கு அல்ல என்று 1390-ல் மன்னர் அதையும் பிடுங்கிவிட்டார். அப்பீலினால் இருந்ததும் போயிற்று!

குரோவ்னர் வேறு வழியின்றி நீலத்தில் தங்கக் கோதுமைக் கட்டு ஒன்றைப் போட்டுக் கொண்டார். ஆனால் வம்சம் மறக்கவில்லை. பின்னாளில் அவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்குகள் ஆனார்கள். 1880-ல் டெர்பி பந்தயத்தில் ஜயித்த டியூக்கின் குதிரைக்குப் பெயர் 'பெண்ட் ஆர்'. தங்கப் பட்டை என்று அர்த்தம்! ஜயித்தது அந்தக் குதிரைதானா, அல்லது அதே லாயத்தில் பிறந்த வேறொரு குதிரையா என்று உடனே ஒரு தகராறு கிளம்பியது தனிக் கதை.