12 வெள்ளி 90 காசு நூடல்ஸ், பில்லுல 15 வெள்ளி 47 காசு ஆனது எப்படி?



எங்க தொண்டூழியர் குழுவுல ரெண்டு வாரமா ஒரு விவாதம் ஓடிக்கிட்டு இருக்கு. வியட்னாம் நூடல்ஸ் கடையில ஒரு கிண்ணம் ஃபோ 12 வெள்ளி 90 காசு. அதுவும் சைவ ஃபோ. "காப்பிக் கடையில பீஹூன் எவ்வளவு மலிவு, இது பகல் கொள்ளை"ன்னு ஒரு கட்சி. "பிடிக்கலன்னா போகாதீங்க"ன்னு இன்னொரு கட்சி. எல்லாரும் பேசினதுக்கு அப்புறம் எங்களுக்குத் தோணினத இங்க எழுதுறோம். சுருக்கமா சொன்னா, கிண்ணத்தோட விலை நியாயம்தான். அந்த விலைய மெனுவுல காட்டுற விதம்தான் நியாயமில்ல.

முதல்ல விலையப் பேசுவோம்.

ஃபோவுல போடுறது தட்டையான அரிசி நூடல்ஸ், நமக்குத் தெரிஞ்ச குவே தியாவ் மாதிரி. ஆனா உழைப்பெல்லாம் சூப்புலதான் இருக்கு. மாட்டெலும்பு மணிக்கணக்கா கொதிக்கணும். இஞ்சியையும் வெங்காயத்தையும் தீயில சுட்டுப் போடணும். அப்புறம் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கொத்தமல்லி விதை, கருப்பு ஏலக்காய். பேரக் கேட்டாலே நம்ம பிரியாணி ஞாபகம் வருதுல்ல?

"சரி, சைவ ஃபோவுக்கு எலும்பே இல்லையே, அதுக்கு ஏன் இந்த விலை?"ன்னு கேக்குறாங்க. எலும்பு குடுக்குற ருசிய காய்கறியிலேருந்து எடுக்கணும்னா சும்மா வராது. வெள்ளை முள்ளங்கி, கேரட், சோளம், காளான்னு அள்ளிப் போட்டாதான் சூப்பு சூப்பா இருக்கும். அன்னதானக் கூடத்துல சாம்பாருக்குக் காய் வெட்டினவங்களுக்கு இத நாங்க விளக்க வேண்டியதில்ல. விடியக்காலையில வந்து நாலு பேரு உக்காந்து வெட்டினாலும் பத்து மணிக்குத்தான் அடுப்பு பக்கம் போக முடியுது. நாம யாரும் சம்பளம் வாங்குறதில்ல. கடைக்காரரு அந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சம்பளம் குடுக்கணும். வாடகை, கேஸ், வெளிநாட்டு ஊழியருக்கு லெவி எல்லாம் இருக்கு. சிங்கப்பூர்ல சாப்பிடுற உணவுல 90 விழுக்காட்டுக்கு மேல வெளிநாட்டிலேருந்துதான் வருது. மேல தூவுற ஒரு கைப்பிடி இலையும் அதுல அடக்கம்.

கோயில்ல நாம சாப்பிடுற அன்னதானத்துக்கும் விலை உண்டு. நம்மகிட்ட கேக்கல, அவ்வளவுதான். உபயதாரர் ஒருத்தர் குடுத்திருக்காரு, தொண்டூழியர் பத்து பேர் உழைச்சிருக்காங்க. அதப் பாத்துப் பழகின நாம, காய்கறிச் சாப்பாடுன்னா மலிவா இருக்கணும்னு நினைக்கிறது சரியில்ல.

விரதம் இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். வியட்னாம்ல பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தோட முதல் நாளும் பதினைஞ்சாம் நாளும் சைவம் சாப்பிடுவாங்க. நம்ம அமாவாசை, பௌர்ணமி மாதிரிதான். மெனுவுல 'சாய்'னு போட்டிருந்தா அது சைவம். ஆனாலும் மீன் சாஸ் சேர்ந்திருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. மாட்டிறைச்சி சாப்பிடாதவங்க கோழி ஃபோ வாங்கினாலும், சூப்பு எந்த எலும்புல வச்சதுன்னு கேக்கணும். கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

இப்ப பில்லுக்கு வருவோம்.

புரட்டாசி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னதானப் பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கிட்டு, குழுவுல ஒரு அக்காவுக்குப் பிறந்தநாள்னு ஆறு பேர் ஜூ சியாட் வட்டாரத்துக்குப் போனோம். கடை பேரு வேண்டாம், ஏன்னா இது ஒரு கடையோட வழக்கம் மட்டும் இல்ல. ஆறு சைவ ஃபோ, 77 வெள்ளி 40 காசு. மேசையில தானா வந்து உக்காந்த ஈரத்துண்டு ஆளுக்கு 50 காசு, ஆக 3 வெள்ளி. மொத்தம் 80 வெள்ளி 40 காசு. அதுக்கு மேல 10 விழுக்காடு சேவைக் கட்டணம். சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகை மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி. கடைசியில 96 வெள்ளி 40 காசு. நூடல்ஸ் மட்டும் கணக்குப் பாத்தாலே ஒரு கிண்ணம் 15 வெள்ளி 47 காசு.

எங்க குழுவுல கட்டுமான வேலை செய்யிற தம்பி ஒருத்தர் இருக்காரு. வாரத்துல கிடைக்கிற ஒரே விடுமுறையக் கோயிலுக்குக் குடுக்கிறவரு. மெனுவப் பாத்தவுடனே மனசுல 12 வெள்ளி 90 காசுன்னு கணக்குப் போட்டிருக்காரு. பானம் எதுவும் வேண்டாம்னுட்டாரு. பில்ல ஆறாப் பிரிச்சப்ப ஆளுக்கு 16 வெள்ளி 7 காசு. நாங்க குடுக்கிறோம்னு சொன்னதுக்கு, "வேணாம்க்கா, நானும்தானே சாப்பிட்டேன்"னு தன் பங்க எடுத்து வச்சிட்டாரு. மூணு வெள்ளி 17 காசு சிலருக்குப் பெரிய விஷயமில்ல. சாப்பாட்டு பேருக்கு முன்னாடி விலையப் படிக்கிறவங்களுக்கு அது பெரிய விஷயம். குறைஞ்ச ஓய்வூதியத்துல வாழுற பாட்டி தாத்தாவுக்கும், தேசிய சேவையில இருக்கிற பையனுக்கும் அப்படித்தான்.

சட்டப்படி இதுல தப்பில்ல. பொதுவா கடையில காட்டுற விலையில ஜிஎஸ்டி அடங்கியிருக்கணும். சேவைக் கட்டணம் வாங்குற உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விதிவிலக்கு இருக்கு. வரியும் கட்டணமும் தனின்னு அறிவிச்சா போதும். அதான் மெனுவோட அடியில ரெண்டு கூட்டல் குறி. 2022 வரைக்கும் ஜிஎஸ்டி 7 விழுக்காடு, 2023ல 8, 2024லேருந்து 9. வரி ஏற ஏற மெனுவுல இருக்கிற விலைக்கும் கையில குடுக்கிற காசுக்கும் இடைவெளி கூடிக்கிட்டே போகுது.

இன்னொண்ணு, சேவைக் கட்டணம் அரசாங்க வரி இல்ல. கடை தானா வைக்கிறது. அது முழுசா பரிமாறுற பொண்ணு கைக்குப் போகும்னு நினைச்சுக்காதீங்க, அப்படி ஒரு சட்டம் கிடையாது.

"தபாவ் பண்றவங்களுக்கு சேவைக் கட்டணம் இல்ல, அதனால ஒரே விலை போட முடியாது"ன்னு கடைக்காரங்க சொல்லலாம். ரெண்டு விலையும் போடுங்களேன். உக்காந்து சாப்பிட இவ்வளவு, எடுத்துட்டுப் போக இவ்வளவு. மெனுவுல இன்னொரு வரிசை, அவ்வளவுதானே? கோயில்ல அர்ச்சனை சீட்டுக்குப் பலகையில என்ன விலை போட்டிருக்கோ அதக் குடுத்தா போதும். முகப்புல நிக்கிற பக்தர்கிட்ட, இதுக்கு மேல ஐந்துல ஒரு பங்கு குடுங்கன்னு கேட்டா சும்மா விடுவாங்களா? 15 வெள்ளி 50 காசுன்னு நேரா எழுதின கடைக்கு நாங்க சந்தோஷமா போவோம். அந்த உழைப்புக்கு அது தகும்.

கடைகள் மாறுற வரைக்கும் நாம செய்யக்கூடியது:

1. உக்காரும்போதே "நெட் விலையா, பிளஸ் பிளஸ்ஸா?"ன்னு கேளுங்க. பிளஸ் பிளஸ்னா ஐந்துல ஒரு பங்கு சேர்த்துக்குங்க. 12 வெள்ளி 90 காசுன்னா பதினஞ்சரை.

2. கேக்காம வர்ற ஈரத்துண்டு, கடலை எல்லாம் வேண்டாம்னா பிரிக்காம அப்பவே திருப்பிக் குடுத்துடுங்க.

3. குழுவா வெளிய போகும்போது ஏற்பாடு செய்யிறவங்க வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவுன்னு முன்கூட்டியே வாட்ஸ்அப்ல போட்டுடுங்க. வர முடியாதவங்க மேசையில சங்கடப்படாம வீட்டிலேருந்தே முடிவு பண்ணிக்கலாம். எங்க குழுவுல இந்த மாசத்திலேருந்து இதுதான் முறை.

4. பரிமாறுறவங்கள ஏசாதீங்க. விலைய வச்சது அவங்க இல்ல. சொல்லணும்னா முதலாளிகிட்ட சொல்லுங்க.

உங்க வட்டாரத்துல முழு விலைய மெனுவுல எழுதி வச்சிருக்கிற சைவக் கடையோ, சைவம் கிடைக்கிற கடையோ இருந்தா கீழ சொல்லுங்க. தைப்பூச வேலை முடிஞ்சதும் அடுத்த ஒன்றுகூடல் அங்கதான்.

அன்புடன்,
அன்னதானக் கூடத் தொண்டூழியர்கள்