மிதவை மட்டும் போதுமா?

கிராமப்புறச் சந்தைக்கு ஏற்ற, நிலைத்து நிற்கும் தொழில் எது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் மாவட்டத்துக் கடற்பாசி வளர்ப்பு முன்னே நிறுத்தப்படுகிறது. அந்த மாதிரியை உழைப்பவர் பக்கம் நின்று எடைபோட வேண்டிய நேரம் இது.

மண்டபம், பாம்பன், ராமேசுவரம் கரையில் பாசித் தொழில் புதிதல்ல. மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் பல பத்தாண்டுகளாக மூழ்கி எடுத்து வருபவர்கள் பெண்கள். அவர்களுள் கடையர் சமூகப் பெண்களும் உண்டு. கடலோரக் கடையர் பட்டியல் சாதியினர். தேவேந்திரகுல வேளாளர் பெயர் மாற்றத்துக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகும் அவர்கள் பட்டியலில் தனியாகவே நீடிக்கிறார்கள். 'மீனவர்' என்ற பொதுச் சொல்லுக்குள் இந்த உண்மை கரைந்துவிடுகிறது.

2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் இங்கே கப்பாபைகஸ் பாசி வளர்ப்பைக் கொண்டுவந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயரே 'பெப்சி பாசி'. 2008இல் அத்தொழில் அக்வாக்ரி நிறுவனத்துக்குக் கைமாறியது. சுயஉதவிக் குழு, வங்கிக் கடன், மூங்கில் மிதவை, 45 நாளில் அறுவடை, நிறுவனமே கொள்முதல் என ஏட்டளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் வாங்குபவர் ஒருவரே என்றால் விலையும் அவர் சொல்வதுதான். 2013-14இல் பாசி பெருமளவில் மடிந்தபோது நட்டம் மிதவை கட்டிய பெண்களின் வீட்டில்தான் இறங்கியது. குருசடைத் தீவின் பவளப்பாறைகளிலும் அதே பாசி படர்ந்தது.

கடலைக் காக்கும் வழி இப்பெண்களுக்குத் தெரியாததல்ல. மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது எனத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த முயற்சிக்குத் தலைமை ஏற்ற சின்னப்பாலம் லட்சுமி 2015இல் சீகாலஜி விருது பெற்றார்.

இப்போது வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் 60 விழுக்காடு மானியம் உண்டு. மானியத்தில் வருவது மிதவை. லாபம் இருப்பதோ பாசியைக் கேராஜீனனாக மாற்றும் ஆலையில். ஆலையில் பங்கு இல்லாத மிதவை, கூலி வேலையின் இன்னொரு பெயர்தான்.

எனவே நாம் கேட்பது இவை: பூங்காவின் பதப்படுத்தும் பிரிவில் பட்டியல் சாதிப் பெண்களின் கூட்டுறவுக்கு உரிமைப் பங்கு, எழுத்து வடிவில் கொள்முதல் ஒப்பந்தமும் குறைந்தபட்ச விலையும், புயலுக்கும் பாசி மடிவுக்கும் காப்பீடு. பட்டியல் சாதியினருக்கான வளர்ச்சி நிதியை உறுதிசெய்யும் மாநிலச் சட்டம் 2024இல் வந்துவிட்டது. நிதி இல்லை என்ற பதில் இனி செல்லாது.

முடியாத காரியமும் அல்ல. 1980இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, குமரி, கேரளக் கரைகளில் மீனவர்களே தம் மீனை ஏலம் விட்டு விற்கும் வழியைக் காட்டியது. அங்கே இயன்றது பாம்பன் கரையிலும் இயலும். அடுத்த கிராமசபையில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாகப் பதிவு செய்வோம்.