யோசனை சொல்லும் ஆசனம்



பெண்கள் வகுப்பு முடிந்து எழுந்தபோது ஒரு தாய் கேட்டார்: "மௌலவி, எங்கட ஒழுங்கையில கான் அடைபட்டு மூணு மாசம். ரெண்டு பிள்ளைகளுக்கும் டெங்கு வந்து போயிட்டுது. இதை யாருக்கிட்டச் சொல்ற?"

வட்டார உறுப்பினரிடம் சொல்லலாம். அது நாம் அறிந்த வழி. முறைப்பாடு செய்வதோடு நின்றுவிடாமல், சபைக்கு யோசனை கூறும் குழுவிலேயே அமர்வதற்கும் ஒரு வழி உண்டு. அதை நம்மில் பலர் அறிவதில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தனக்கு ஆலோசனை கூறுவதற்குக் குழுக்களை நியமிக்கும் அதிகாரத்தைச் சபைக்கு அளித்திருக்கிறது. நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என்பன அக்குழுக்களின் துறைகள். உறுப்பினர்கள் மட்டுமன்றி, அப்பிரதேசத்தில் வசிக்கும் ஏனையோரும் இவற்றில் நியமிக்கப்படலாம். மாநகர, நகர சபைகளுக்கு வேறு சட்டங்கள் உள்ளன. அங்கு வசிப்போர் அங்குள்ள நடைமுறையைக் கேட்டறிய வேண்டும்.

இதற்குத் தேர்தலும் இல்லை, பரீட்சையும் இல்லை. சபையே நியமிக்கிறது. ஆகவே தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும் தெரிந்த பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். கடைக்காரர், ஓய்வுபெற்ற அதிபர், கட்சிக்காரர் என்று பட்டியல் நிரம்பிவிடும். கான் எங்கே அடைபடுகிறது, சந்தையில் பெண்களுக்கு மலசலகூடம் உண்டா, முன்பள்ளிப் பாதையில் எந்த மின்விளக்கு எரிவதில்லை என்பதை அன்றாடம் காண்பவள் நீங்கள். உங்கள் பெயரோ அங்கே எவருக்கும் தெரியாது.

2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின், 2018 தேர்தலில் முதன்முறையாக உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. எனவே உங்கள் சபையில் பேசிப் பார்க்கக்கூடிய ஒரு சகோதரியாவது இருக்கக்கூடும்.

"பதவியைக் கேட்டுப் போவது மார்க்கத்தில் வெறுக்கப்பட்டதல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். அந்த எச்சரிக்கை ஆட்சியதிகாரத்தை ஆசைப்பட்டுத் தேடுவதைப் பற்றியது. இக்குழுவிலோ யோசனை மட்டுமே நம்முடையது, தீர்மானிப்பது சபை. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில், உடன்படிக்கையால் மனமுடைந்த ஸஹாபாக்கள் பலியிடவும் தலைமுடி களையவும் தயங்கி நின்ற வேளையில், 'முதலில் தாங்களே சென்று அதைச் செய்யுங்கள்' என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களுக்கு யோசனை கூறியவர் அன்னை உம்மு ஸலமா (ரழி). நபியவர்கள் அவ்வாறே செய்ததும் மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். அன்னையவர்கள் எவருக்கும் கட்டளையிடவில்லை. மஷூராவின் பலன் அது.

இனி, செய்ய வேண்டியது என்ன? முதலில் சபைச் செயலாளரிடம், எந்தெந்தக் குழுக்கள் நியமிக்கப்பட்டுள்ளன, வசிப்போர் எத்தனை பேர் அவற்றில் உள்ளனர் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்க வேண்டும். அடுத்து, தவிசாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்தக் குழுவில் சேர விருப்பம், உங்களுக்கு என்ன அனுபவம், மாதத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பன போதும். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேறிவிடும். எனவே டிசம்பர்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. வீட்டாரோடும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

நியமனம் கிடைத்துவிட்டால் அது அமானத். பெயரைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகாதவர், போகக்கூடிய ஒருவரின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் மச்சானுக்குக் கான் கட்டும் கொந்தராத்து வரப்போகிறதென்றால், அதைச் சொல்லிவிட்டு அந்தப் பேச்சிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். நம் ஒழுங்கைக்காகப் பேசும் அதே வாயால், அடுத்த ஊர் மாற்றுமதச் சகோதரியின் ஒழுங்கைக்காகவும் பேசுங்கள். நுளம்பு ஊர் பார்த்துக் கடிப்பதில்லை.

உங்கள் யோசனை ஏற்கப்படாமலும் போகலாம். அது கூட்டக்குறிப்பில் பதியப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் மீண்டும் எடுத்துச் சொல்ல அதுவே ஆதாரம்.

அந்தத் தாயிடம் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். நல்லதை எடுத்துச் சொல்லும் துணிவையும், ஏற்றதை நிறைவேற்றும் நேர்மையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.